செண்டுவெளி

மாசி 5, திங்கள்

கோயிலுக்குப் புதுச் செயல் அலுவலர் வந்திருக்கிறார். பழையவர் மாற்றலாகிப் போனதில் எனக்கு வருத்தமில்லை. நான் கொடுத்த மனுவை நாலாக மடித்து, ஆடுகிற மேசைக் காலுக்கு அண்டை கொடுத்தவர் அவர். என் கண் முன்னாலேயே செய்தார்.

புதியவருக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும். இங்கே ஒருமுறை எழுதிப் பார்த்துக்கொள்கிறேன்.

பொழில்மங்கலம் பெருமாளுக்குப் பங்குனித் திருவிழாவில் எட்டாம் நாள் குதிரை வாகனம். அன்று சுவாமி வேட்டைக்குப் போகிறார். வேட்டைக்குப் போகிறவர் நடந்து போகமாட்டார். சீர்பாதக்காரர்கள் வாகனத்தைத் தோளில் வைத்துக்கொண்டு, குதிரை ஓடுவது போலவே ஓட வேண்டும். அதற்கு வையாளி என்று பெயர். ஓட வேண்டிய இடம் ஊருக்கு மேற்கே உள்ள செண்டுவெளி. கிழக்குக் கோடியில் புறப்பட்டு, மேற்குக் கோடியில் நிற்கும் கல்லை வலம் வந்து, மறுபடியும் புறப்பட்ட இடத்துக்கு ஓடிவர வேண்டும். அப்படி மூன்று முறை. வாகனத்தைச் சுமக்கும் தண்டுகளில் முன் வலத் தண்டை நான் பிடித்த காலம் முழுக்க அப்படித்தான் ஓடினோம்.

நான் வயதாகித் தண்டை மகன் நம்பிராஜனிடம் கொடுத்த மறுவருஷமே, செண்டுவெளியில் சிமெண்டுத் தளம் போட்டு வண்டி நிறுத்துமிடம் ஆக்கினார்கள். வையாளியைச் சன்னிதித் தெருவுக்கு மாற்றினார்கள். தேரடி வரை ஒரு குலுக்கல், திரும்பி வர ஒரு குலுக்கல். மாப்பிள்ளை அழைப்பு மாதிரி இருக்கிறது. நாற்பது வருஷம் தோள் கொடுத்தவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நம்பி இன்றும் நின்றுகொண்டே சாப்பிட்டான். உட்கார்ந்தால் இடுப்புப் பிடிக்கிறதாம். கேஸ் சிலிண்டர் இறக்குகிற வேலை. அதில் பிடிப்பு வராமல் என்ன செய்யும்.

மாசி 7, புதன்

கிளை நூலகத்தில் அட்டை கிழிந்த ஆங்கிலக் கலைக்களஞ்சியம் ஒன்று இருக்கிறது. அதில் ஒரு பகுதியைத் தேடி இன்று காலை முழுவதும் உட்கார்ந்தேன். நான் எட்டாவது வரை படித்தவன். பொதுப்பணித் துறையில் மதகு திறந்து மூடும் லஸ்கர் வேலை பார்த்தவன். மதகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் அகராதியை வைத்துக்கொண்டு, எனக்கு நானே ஆங்கிலம் கற்றுக்கொண்டேன். மெதுவாகத்தான் படிப்பேன். ஆனால் ஒரு வரிகூட விட்டுப் படிக்கமாட்டேன்.

கிரேக்கர்கள் குதிரைப் பந்தயத்துக்கும் தேர்ப் பந்தயத்துக்கும் வைத்திருந்த வெளிக்கு ஹிப்போடிரோம் என்று பெயர். ஹிப்போஸ் என்றால் குதிரை. டிரோமோஸ் என்றால் ஓட்டம். ஓடுகிற இடத்துக்கும் அதே சொல்தான். இரண்டும் சேர்ந்து ஒரே சொல்லாக நிற்கிறது. நீளமான வெளி. கோடியில் ஒரு கம்பம். அதைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும்.

படித்ததும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. நம்முடைய பழைய உரைகாரர்கள் குதிரை பழக்குகிற வெளியைச் செண்டுவெளி என்றார்கள். வையாளி வீதி என்றும் சொன்னார்கள். செண்டு என்பது குதிரைக்காரன் கையில் இருக்கிற கோல் என்பது என் கட்சி. பந்து என்று சொல்கிறவர்களும் உண்டு. குதிரை மேல் இருந்தபடி அடித்து விளையாடுகிற பந்து. எதுவாக இருந்தாலும் அங்கே குதிரை இருக்கிறது. நம் ஊரில் நீளமான வெளி இருக்கிறது, கோடியில் கல் இருக்கிறது, பெயரும் இருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்.

கிரேக்கனிடம் நாம் வாங்கினோம் என்று நான் சொல்லமாட்டேன். அவன் நம்மிடம் வாங்கினான் என்று சொல்லுகிற பைத்தியமும் எனக்கில்லை. குதிரை வைத்திருந்தவன் எவனும் அதை ஓட்டிப் பார்க்க ஒரு வெளி வைத்திருப்பான். அதற்குப் பெயரும் வைத்திருப்பான். அவ்வளவுதான்.

இன்னொன்றும் எழுதியிருந்தது. ஒலிம்பியா என்கிற ஊரில் இருந்த வெளியில், திருப்பத்துக்குப் பக்கத்தில் வட்டமாக ஒரு பலிபீடம் இருந்ததாம். அந்த இடத்துக்கு வந்ததும் குதிரைகள் காரணமில்லாமல் மிரளுமாம். தேர்கள் கவிழுமாம். அதனால் ஓட்டுகிறவர்கள் பந்தயத்துக்கு முன்னால் அந்தப் பீடத்துக்குப் படையல் வைப்பார்களாம். மனுவுக்கு இது தேவையில்லை. விட்டுவிட்டேன்.

மாசி 8, வியாழன்

மனு எழுதி முடித்தேன். தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சினேன்.

மாசி 12, திங்கள்

செயல் அலுவலரைப் பார்த்தேன். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பையன். சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டிருக்கிறார். உட்காரச் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்து நான் மனு கொடுத்தது இதுவே முதல் தடவை.

படித்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்கய்யா, இந்த ஹிப்போடிரோம் எல்லாம் யாருங்க எழுதிக் குடுத்தது?"

"நான்தான் எழுதினேன்."

"இல்லீங்க, விஷயம் யாரு சொன்னது?"

"விஷயமும் நான்தான்."

அவர் சிரித்தார். கேலியாக இல்லை. பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்று சொன்னவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ஆனால் மனு மேசை மேலேயே இருந்தது. கீழே போகவில்லை.

மாசி 15, வியாழன்

சாயங்காலம் நம்பி ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தான். வலது கால் செருப்பு எங்கே என்று மருமகள் வடிவு கேட்டதற்கு, குனிந்து பார்த்துவிட்டு, "எங்கயோ கழண்டு விழுந்துட்டு போல" என்றான். கழன்றதே தெரியவில்லையாம். நாற்பது வயதில் இவ்வளவு கவனக்குறைவு ஆகாது என்று சொன்னேன். அவன் ஒற்றைச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். வடிவுதான் என்னைப் பார்த்தாள்.

செருப்பு கேஸ் கம்பெனி வாசலில் கிடந்ததாம். உச்சிமாகாளி கொண்டுவந்து கொடுத்தான். முன் இடத் தண்டு அவன்தான் பிடிக்கிறான். நம்பியோடு ஒன்றாகப் படித்தவன்.

"அண்ணாச்சி, வெளியில ஓட்டம் வருதுன்னு பேசிக்கிடுதாவளே, மெய்தானா?"

"வரும்."

"சிமிண்டு தரையில வழுக்குமே அண்ணாச்சி."

"மணல் கொட்டினா வழுக்காது. நாங்க சேத்துல ஓடியிருக்கோம்."

"நீங்க ஓடுவிய. உங்க காலத்துல கல்லைத் தின்னுட்டு செமிச்சாவ. நாங்க புரோட்டா தின்னுட்டு வாயு மாத்திரை போடுத கூட்டம்" என்றான். நம்பி உள்ளிருந்து சிரித்தான். சிரித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டு இடுப்பைப் பிடித்தான்.

மாசி 20, செவ்வாய்

வடிவு எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள். அப்படி நின்றால் ஏதோ கேட்கப் போகிறாள் என்று அர்த்தம்.

"மாமா, இந்த வருசமும் தெருவுலயே ஓடட்டுமே."

"ஏன்?"

"அவுகளுக்கு முடியல மாமா. ராத்திரி பூரா திரும்பித் திரும்பிப் படுக்காவ. கால் மரமரன்னு இருக்குங்காவ. தெருவுல ஓடுததுன்னா பெல்ட்டைக் கட்டிட்டு எப்படியும் சமாளிச்சிருவாவ."

அவளுக்கு விஷயம் விளங்கவில்லை. நான் விளக்கினேன். இது நம்பி ஓடுவதைப் பற்றியது அல்ல, பெருமாள் ஓடுவதைப் பற்றியது. ஒரு வெளியை அதன் பெயருக்கு உரியபடி நடத்துவதைப் பற்றியது. அவள் தூங்குகிற பிள்ளையை எழுப்பாமல் போகிறவள் மாதிரி மெதுவாக உள்ளே போய்விட்டாள்.

இடுப்புக்கு நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்க்கச் சொன்னேன். எனக்கும் வந்திருக்கிறது. நான் வாயைத் திறந்ததில்லை.

மாசி 26, திங்கள்

உத்தரவு வந்துவிட்டது. எட்டாம் திருநாள் வையாளி செண்டுவெளியில். அன்று முழுக்க வண்டிகளுக்கு அனுமதியில்லை. மணல் கொட்டுவார்கள். கல்லைச் சுற்றி இருந்த பெட்டிக்கடை இரண்டையும் எடுக்கச் சொல்லியாகிவிட்டது.

செயல் அலுவலர் தானே வாசலுக்கு வந்து என்னிடம் சொன்னார். "உங்க மனுவைத்தாங்க மேல அனுப்பினேன். இந்த மாதிரி ஒரு மனுவைப் படிச்சதே இல்லைன்னு சொல்லீட்டாங்க."

வீட்டுக்கு வரும் வழியில் வெளியைப் பார்த்துவிட்டு வந்தேன். வெயிலில் ஒரு வேன், நாலைந்து மோட்டார் சைக்கிள். கல்லில் யாரோ பல்பொடி விளம்பரம் ஒட்டியிருந்தான். கிழித்துப் போட்டேன்.

நம்பியிடம் சொன்னேன். "நல்லதுப்பா" என்றான்.

பங்குனி 1, சனி

முன் வலத் தண்டைப் பற்றி நாலு பேருக்குத் தெரிய வேண்டும். இப்போது ஓடுகிற பிள்ளைகளுக்குக் கல்லைச் சுற்றத் தெரியாது. தெருவில் கல் கிடையாது. அதனால் இன்று சீர்பாதக்காரர்களை வெளிக்கு வரச்சொல்லி, வெறும் தண்டை வைத்துப் பழக்கினேன்.

வலம் வரும்போது கல் நமக்கு வலப்பக்கம். வெளித்தண்டுக்காரர்கள் விரிந்து ஓடுவார்கள். உள்தண்டுக்காரன், அதாவது முன் வலத் தண்டு பிடிக்கிறவன், ஓடக்கூடாது. கல்லுக்குப் பக்கத்தில் வலது காலை ஊன்றி, இடுப்பைத் திருகி, மொத்த வாகனத்தையும் தன் மேல் வைத்துத் திருப்ப வேண்டும். அந்த ஒரு நொடி சுவாமியும் குதிரையும் அவன் ஒருத்தன் மேல்தான். தோள் மாற்றக்கூடாது, மாற்றினால் வாகனம் சாயும். முன் வலத் தண்டு ஏன் ஒரே வீட்டில் இருந்து வந்தது என்பதற்கு இதுதான் காரணம். எட்டாம் நாள் ஒரு வீட்டுக்காரன் தண்டை விட்டால், அது அடுத்த வீட்டுக்குப் போய்விடும். திரும்பி வராது. அதுவும் இவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லி வைத்தேன்.

நம்பிக்குத் திருப்பம் சரியாக வரவில்லை. வலது பாதம் தரையில் பாவாமல் முன்பக்கம் தொங்கித் தொங்கி விழுகிறது. சப்பு சப்பென்று சத்தம். தூக்கி வை என்றேன். தூக்கித்தான் வைக்கிறேன் என்றான். உச்சிமாகாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணாச்சி, அவன் காலைப் பாத்தியளா?" என்று கேட்டான். பார்த்தேன், பழகினால் சரியாகும் என்றேன்.

பங்குனி 4, செவ்வாய்

நோட்டீஸ் வந்துவிட்டது. மஞ்சள் காகிதம். "பெரியவர் பட்சிராஜன் அவர்களின் இடைவிடாத முயற்சியால்" என்று என் பெயரைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். தேரடியில் ஒரு பேனரும் கட்டியிருக்கிறார்கள். அதில் நாலு குதிரை பூட்டிய கிரேக்கத் தேர், அதை ஓட்டுகிற தாடிக்காரன், மேலே நம் பெருமாள். எங்கிருந்து படம் பிடித்தார்களோ. தாடிக்காரனை எடுக்கச் சொன்னேன். பார்க்க எடுப்பாக இருக்கிறது என்று எடுக்கவில்லை.

பங்குனி 8, சனி

கொடியேற்றம். நம்பி வரவில்லை. வடிவு அவனைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். எலும்பு டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தாளாம். கொடியேற்றத்தன்று போக வேண்டுமா என்று கேட்டேன். டாக்டர் கொடி பார்த்து நேரம் கொடுப்பதில்லை மாமா என்றாள். வர வர வாய் நீள்கிறது.

பங்குனி 9, ஞாயிறு

வடிவு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"முதுகெலும்புல தட்டு விலகி நரம்பை நெரிச்சிட்டு இருக்காம் மாமா. உடனே ஆப்பரேசன் பண்ணணுங்காரு. திருவிழா கழிச்சு வாரோம்னு இவுக சொல்லிட்டாவ. அதுவரைக்கும் ஒரு குடம் தண்ணிகூடத் தூக்கக்கூடாதுன்னுட்டாரு. பாரம் ஏறினா ரெண்டு காலும் போயிரும். ஒண்ணுக்கு ரெண்டுக்குப் போறதும் தெரியாமப் போயிருமாம்."

டாக்டர்கள் பயமுறுத்தத்தான் செய்வார்கள் என்று சொன்னேன்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். "அவுக கால் உங்களுக்குத் தெரியலயா மாமா? நீங்க தினமும் பாக்கத்தான செய்தீய?" என்றாள்.

தோட்டத்தில் போய் நின்றேன். அங்கே வேலை ஒன்றும் இருக்கவில்லை.

பங்குனி 10, திங்கள்

நம்பியைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "தண்டை இந்தத் தடவை உச்சிமாகாளி தம்பிகிட்ட குடுத்துரு."

அவன் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். "குடுத்தா திரும்ப வராதுன்னீயளே."

"நான் பேசிக்கிடுதேன்."

"என்ன பேசுவிய? நோட்டீஸ்ல உங்க பேரு போட்டிருக்கு. தேரடில பேனர் கட்டியிருக்கு. அப்பன் அலைஞ்சு திரிஞ்சு வாங்கினான், மவன் இடுப்பு வலிக்குன்னு படுத்துக்கிட்டான்னு சொல்லமாட்டானுவளா? பத்து வருசமா வீட்டுக்குள்ள இதைத்தான பேசிட்டிருந்தீய. உண்ணும்போது, உறங்கும்போது எல்லாம் வெளி, வெளி. இப்ப வெளி வந்துட்டு. நான் வராம இருக்க முடியுமா?"

"நான் சொல்லுதேன், வேண்டாம்."

"இப்ப சொல்லுதீய." அவன் குரல் உயரவில்லை. "ஓடிட்டு வந்து ஆப்பரேசனுக்குப் போறேன். அதுக்கப்புறம் நீங்க வேற எதுவும் மனு எழுதாதீய. அது போதும்."

அவன் என்னை எதிர்த்துப் பேசியதே இல்லை. இதையும் எதிர்ப்பு என்று சொல்ல முடியாது. நான் கேட்டதைத்தான் செய்கிறேன் என்கிறான்.

பங்குனி 11, செவ்வாய்

யோசித்துப் பார்த்ததில் ஒரே வழிதான். வெளியில் ஓட்டம் இல்லை என்று ஆகிவிட்டால் பழையபடி தெருவில் குலுக்கல். அதை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம்; யாரும் யாரையும் எதுவும் சொல்லமாட்டார்கள். கேட்டு வாங்கியவன் நான். நான் வேண்டாம் என்றால் நிறுத்துவார்கள். நாளைக் காலையில் அலுவலகத்துக்குப் போகிறேன். வடிவிடம் சொல்லவில்லை.

பங்குனி 12, புதன்

அலுவலகத்துக்குப் போனேன். செயல் அலுவலர் அறையில் பத்திரிகைக்காரர் ஒருவர், கோயில் தக்கார் வீட்டு ஆட்கள், எனக்குத் தெரிந்தவரும் தெரியாதவருமாக ஏழெட்டுப் பேர். என்னைப் பார்த்ததும், "நானே ஆளு அனுப்பலாம்னு இருந்தனுங்க" என்று எழுந்து வந்து நடுவில் உட்கார வைத்தார். பத்திரிகைக்காரர் அந்தச் சொல்லைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். ஹிப்போஸ், டிரோமோஸ், செண்டு, வையாளி, எல்லாம் கேட்டார். குறித்துக்கொண்டார். நடுவில் ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை. பிறகு சால்வை போட்டார்கள். படம் எடுத்தார்கள்.

கூட்டமாக இருந்தது. போன விஷயத்தைப் பேச இடம் வாய்க்கவில்லை.

சால்வையைப் பார்த்து நம்பி, "நல்ல சால்வைப்பா" என்றான்.

பங்குனி 13, வியாழன்

மறுபடியும் போனேன். செயல் அலுவலர் திருநெல்வேலிக்குப் போயிருந்தார். எழுத்தரிடம் சொல்லலாம். எழுத்தரிடம் சொல்லுகிற விஷயமா அது.

பங்குனி 14, வெள்ளி

வெளியில் மணல் கொட்டிப் பரப்பிவிட்டார்கள். நன்றாகவே பரப்பியிருக்கிறார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

பங்குனி 15, சனி

வையாளி நடந்தது. சுவாமி கீழே இறங்கவில்லை.

பங்குனி 17, திங்கள்

திருநெல்வேலி ஆஸ்பத்திரி. வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சனிக்கிழமை நடந்ததை எழுதி வைக்க வேண்டும். ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள்.

முதல் ஓட்டம் குறையில்லாமல் நடந்தது. ஊரே வெளியில்தான். மரத்திலெல்லாம் ஆள். வாகனம் கிழக்கிலிருந்து கிளம்பியபோது எனக்கு ஒன்றுமே காதில் விழவில்லை. நான் கல்லுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். நம்பி கல்லைச் சுற்றித் திரும்பும்போது அவன் முகம் என் முகத்துக்கு எதிரே வந்தது. என்னைப் பார்த்தான் என்று நினைத்தேன். அவன் பார்த்தது தரையை. பாதம் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்து வைக்கிறான். பாதத்தில் அவனுக்கு உணர்ச்சியில்லை. அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது என்று எழுத வந்தேன். அப்படி எழுதவில்லை.

கையைத் தூக்கினேன். நிறுத்துங்கள் என்று கத்தினேன். கூட்டம் கோவிந்தா போட்டது. நானும் கோவிந்தா போடுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

இரண்டாவது ஓட்டத்தில் கல்லுக்கு வந்து காலை ஊன்றித் திருகினான். கால் திரும்பவில்லை, உடம்பு மட்டும் திரும்பியது. முழங்காலில் விழுந்தான். தண்டை விடவில்லை. முழங்காலில் நின்றபடியே தோளைக் கொடுத்துக்கொண்டு இருந்தான். உச்சிமாகாளியின் தம்பி ஓடிவந்து தண்டுக்குள் தோளை நுழைத்த பிறகுதான் சரிந்தான். வாகனம் ஒரு விரல்கூடச் சாயவில்லை. மூன்றாவது ஓட்டத்தையும் ஓடி முடித்தார்கள். அது முடிகிற வரைக்கும் நம்பி கல்லோரம் மணலில் படுத்திருந்தான். நான் அவன் தலையை மடியில் வைத்திருந்தேன்.

"வலிக்கா லே?" என்று கேட்டேன்.

"இல்லப்பா. வலியே இல்ல" என்றான். அதை நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

பங்குனி 18, செவ்வாய்

ஆப்பரேஷன் சனிக்கிழமை இரவே முடிந்திருந்தது. இன்று டாக்டர் வந்து குண்டூசியால் நம்பியின் பாதத்தில் குத்தினார். "தெரியுதா?" "இல்ல." கொஞ்சம் மேலே. "இங்க?" "இல்ல." கெண்டைக்கால். "இங்க?" நம்பி கண்ணை மூடிக்கொண்டு யோசித்தான். ஏமாற்றாமல் சொல்ல வேண்டும் என்று நினைப்பவன் மாதிரி யோசித்தான். "இல்ல சார்."

சிறுநீருக்குக் குழாய் போட்டிருக்கிறார்கள்.

டாக்டர் வெளியே வந்து, யார் இவரைத் தூக்க விட்டது என்று கேட்டார். வடிவு என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம். "சாமி காரியம் சார்" என்று அவள்தான் பதில் சொன்னாள்.

பங்குனி 20, வியாழன்

கேன்டீனில் இட்லி ஆறிப்போய் இருக்கிறது. சொன்னால் சண்டைக்கு வருகிறான்.

பங்குனி 22, சனி

செயல் அலுவலர் பழக்கூடையோடு வந்தார். நல்ல மனிதர். நம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார். "முழங்கால்ல நின்னு தாங்குனாரே, ஊரே அதைத்தான் பேசுதுங்க" என்றார். கோயில் நிதியிலிருந்து வைத்தியத்துக்குப் பணம் கேட்டு எழுதியிருக்கிறாராம்.

வெளியே வந்ததும் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். செண்டுவெளியில் கல்பலகை வைக்கப் போகிறார்கள். பெயரின் பொருள், வரலாறு, கிரேக்கச் சொல், எல்லாம் அதில் வருகிறது. பார்த்துக் கொடுங்கள் என்றார்.

படித்தேன். டிரோமோஸ் என்றால் மைதானம் என்று மட்டும் போட்டிருந்தார்கள். ஓட்டம் என்பது முதல் பொருள். அது இல்லாவிட்டால் சொல்லே விளங்காது. பேனாவை வாங்கித் திருத்தினேன்.

தலை நிமிர்ந்தபோது வடிவு வார்டு வாசலில் நின்றிருந்தாள். சிறுநீர்ப் பை கையில் இருந்தது. எவ்வளவு நேரமாக நின்றாளோ.

பங்குனி 23, ஞாயிறு

வடிவு என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாடு வைக்கிறாள். தட்டு வைக்கிற சத்தத்தில் கோபம் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சித்திரை 1, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டோம். நாலு பேர் தூக்கி வந்து கட்டிலில் விட்டார்கள். வருஷப் பிறப்பு என்பதால் வந்தவர்களுக்கெல்லாம் வடிவு பானகம் கொடுத்தாள்.

உச்சிமாகாளி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். "லே, எல்லாரும் ஓடுததுக்குக் கூலியா பிரசாதம் வாங்கினோம். நீ மட்டும் கட்டிலை வாங்கிட்ட" என்றான். நம்பி சிரித்தான். இருவரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு உச்சிமாகாளி எழுந்து கொல்லைப் பக்கம் போய் முகம் கழுவினான்.

முன் வலத் தண்டு இப்போது அவன் தம்பியிடம் இருக்கிறது. யாரும் பேசித் தீர்மானிக்கவில்லை. அதுவாகப் போய்விட்டது. சரிதான்.

சித்திரை 4, வியாழன்

காலையில் நம்பியைத் திருப்பிப் படுக்க வைக்கப் போனேன். முதுகு புண்ணாகாமல் இருக்க அடிக்கடி திருப்ப வேண்டும். "நீங்க விடுங்கப்பா, அவ வரட்டும்" என்றான். எனக்குப் பலம் இருக்கிறது என்றேன். "பலத்துக்குச் சொல்லல" என்றான்.

சித்திரை 9, செவ்வாய்

வடிவின் அண்ணன் தூத்துக்குடியிலிருந்து வேன் கொண்டு வந்தான். அங்கே அவன் வீட்டுக்குப் பக்கத்தில் பிசியோதெரபி செய்கிற இடம் இருக்கிறதாம். ஆறு மாதமோ ஒரு வருஷமோ அங்கே இருக்கப் போகிறார்கள். நேற்றே முடிவு செய்திருக்கிறார்கள். என்னிடம் இன்று காலையில் சொன்னார்கள். வீட்டை விட்டு வைத்தியம் செய்வதில் எனக்குச் சம்மதமில்லை என்று சொன்னேன். வடிவின் அண்ணன், "சரி மாமா" என்று சொல்லிவிட்டுப் பைகளை வேனில் ஏற்றினான். சம்மதத்தை யாரும் கேட்கவில்லை என்று பிறகுதான் புரிந்தது.

நம்பியைத் தூக்கி வேனின் பின்சீட்டில் சாய்த்து உட்கார வைத்தார்கள். கால்களைத் தனியாக எடுத்து உள்ளே வைத்தார்கள். வடிவு மருந்துப் பை எடுக்க வீட்டுக்குள் போயிருந்தாள். அவள் அண்ணன் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் நம்பியும்தான்.

"அப்பா."

"என்ன?"

"எட்டாம் திருநாளுக்கு முன்னால ஆபீசுக்குப் போனியள்லா, அந்த புதன்கிழமை. எதுக்குப் போனீய?"

அவன் என் முகத்தையே பார்த்தான். வடிவு ஏதாவது சொல்லியிருப்பாளா என்று யோசித்தேன். அவளுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அவனாகத்தான் கேட்கிறான். இன்ன பதில்தான் வர வேண்டும் என்று அவனுக்கு ஆசை இருந்தது. கண்ணில் தெரிந்தது. நான் சொன்னால் நம்புவான். ஓட்டத்தை நிறுத்தத்தான் போனேன் என்று சொன்னால் போதும்.

சொன்னால், பின்னே ஏன் நிறுத்தவில்லை என்று அடுத்த கேள்வி வரும்.

"சால்வை போடக் கூப்பிட்டிருந்தாவ" என்றேன்.

நம்பி பார்வையை என் முகத்திலிருந்து எடுத்தான். பிறகு தலையை ஆட்டினான்.

"சரிப்பா. கதவைச் சாத்துங்க, வெயில் அடிக்கு."

சாத்தினேன். ஒரே தடவையில் சாத்தவில்லை. வடிவின் அண்ணன் வந்து இன்னொரு முறை இழுத்துச் சாத்தினான்.